குன்னூரில் வாழ்ந்த ஸேனாதிபதி

ஜூன் மாதம் 27-ந் தேதி வரும்போதெல்லாம் நமக்கு ஒரு வெட்கம் உண்டாகிறது. வெட்கம் என்ற சொல்லை நாம் யோசித்தே உபயோகிக்கிறோம். 2008-ம் வருஷத்தில் அந்தத் தேதியன்று, நள்ளிரவு கழிந்து சிறிது நேரத்தில், வெல்லிங்டன் ராணுவ வைத்தியசாலையில் பீல்டு மார்ஷல் ஸாம் மானெக்ஷா காலஞ்சென்றார். அவருக்கு 94 வயது நிரம்பியிருந்தது. சுதந்திர இந்தியாவின் படைகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி அவருடைய தலைமையில் கிடைத்த வெற்றி. அப்படிப்பட்டவரைத் தேசம் எப்படி வழியனுப்பி வைத்தது என்பதைப் பின்னால் கூறுவோம். அதற்கு முன் அவருடைய நீண்ட வாழ்க்கையைச் சற்று நினைவு கூர்வது அவசியம். சினிமாவில் பார்த்துவிட்டோமே என்று வாலிபர்கள் சொல்லக்கூடும். சினிமாவில் வெடிச் சத்தம் அதிகம். மனிதர் அந்தச் சத்தத்துக்கு அப்பால் இருக்கிறார்.

மானெக்ஷா 1914-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 3-ந் தேதி அமிருதசரஸில் பிறந்தவர். தகப்பனார் ஹோர்முஸ்ஜி ஒரு டாக்டர். குஜராத்திலிருந்து பஞ்சாபுக்குப் பிழைக்கச் சென்ற பார்ஸி. பிள்ளைக்கும் வைத்தியனாக வேண்டும் என்றுதான் ஆசை. தமையன்மார் இருவர் சீமையில் படித்துக்கொண்டிருந்தார்கள். தன்னையும் அங்கே அனுப்ப வேண்டுமென்று பிள்ளை கேட்டார். வயது போதாது என்று தகப்பனார் மறுத்தார். அந்தக் கோபத்தில், வீட்டாரைக் கேளாமலே, அப்பொழுது புதிதாக ஏற்படுத்தப்பட்ட டேராடூன் ராணுவக் கலாசாலையின் பிரவேசப் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். தேறியும் விட்டார். தகப்பன்-பிள்ளை மனஸ்தாபத்தால் தேசத்துக்கு லாபம் கிடைப்பது அபூர்வம்; இது அப்படிப்பட்ட அபூர்வங்களில் ஒன்று.

1932-ம் வருஷத்தில் அந்தக் கலாசாலையில் சேர்ந்த முதல் கோஷ்டியில் 40 பேர் இருந்தனர். அந்த நாற்பதில் மூவர் பிற்காலத்தில் மூன்று தேசங்களின் ராணுவத் தலைவர்களானார்கள் என்பது விந்தையான செய்தி. பர்மாவின் படைக்கு ஸ்மித் டன். பாகிஸ்தான் படைக்கு முகம்மது மூஸா. நம் படைக்கு மானெக்ஷா. ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிட்ட வாலிபர்களுக்கு நடுவே எல்லைக் கோடுகள் பிற்பாடுதான் வந்து விழுந்தன.

1939-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவருக்கு விவாகம் நடந்தது. மணமகள் ஸில்லூ போடே பம்பாயைச் சேர்ந்தவர். அங்கே சித்திரக் கலாசாலையில் பயின்றவர். இருவரும் லாகூரில் ஒரு விருந்தில் சந்தித்தார்கள். அடுத்த வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் மகாயுத்தம் மூண்டுவிட்டது. அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பிய சமயத்தில்தான் தகப்பனார் பர்மாவில் சாவின் வாசல் வரை போய்த் திரும்பினார்.

1942-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஜப்பானியர் ரங்கூனை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஸிட்டாங் நதியின் மேல் ஒரே ஒரு பாலம். பின்வாங்கும் நம்மவர்கள் அதைக் கடந்தாக வேண்டும். பாலத்துக்கு அருகேயிருந்த பகோடாக் குன்றைப் பிடிக்கும் பொறுப்பு, பெரும்பாலும் சீக்கியச் சிப்பாய்களைக் கொண்ட ஒரு கம்பெனியின் தலைவராக இருந்த மானெக்ஷாவுக்கு வந்தது. அவர்கள் முன்னேறிச் சென்று குன்றைப் பிடித்தார்கள், ஏராளமானவர்கள் மாண்டார்கள். வெற்றி கண்ட அந்தச் சமயத்திலேயே இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகள் பல தலைவருடைய வயிற்றிலும் மார்பிலும் பாய்ந்தன. பிழைக்கமாட்டார் என்றே எல்லோரும் எண்ணினார்கள். இறந்தவர்களுக்கு மிலிடரி கிராஸ் பதக்கம் கொடுப்பதில்லை என்பது ஆங்கிலேயர் விதி. ஆகவே, உயிர் போவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று கோவன் என்ற ஆங்கிலத் தளபதி தம்முடைய பதக்கத்தின் ரிப்பனையே கழற்றி அவர் மார்பில் குத்தினார்.

பிழைத்தது பதக்கத்தினால் அல்ல. ஷேர் ஸிங் என்ற சிப்பாயினால். எஜமானரைத் தோளில் சுமந்துகொண்டு அவன் பல மைல் நடந்து வைத்தியரிடம் கொண்டு சேர்த்தான். அங்கிருந்த வைத்தியர், இவர் பிழைப்பது கடினம், மற்றவர்களைக் கவனிக்க வேண்டும் என்று முதலில் தயங்கினார் என்றும், என்ன நேர்ந்தது என்று அவர் விசாரித்ததற்கு, கோவேறு கழுதை ஒன்று உதைத்துவிட்டது என்று மானெக்ஷா பதிலளித்தார் என்றும், இந்த நிலைமையில் பரிகாசம் செய்கிறவனைச் சாகவிடலாகாது என்று வைத்தியர் கத்தியை எடுத்தார் என்றும் சொல்வதுண்டு. அதற்குப் பின் 66 வருஷம் வாழ்ந்தார். நமது சரித்திரப் புஸ்தகங்களில் ஷேர் ஸிங்குக்கும் ஒரு வரி இருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

1947-ம் வருஷத்தில் டில்லி ராணுவக் காரியாலயத்தில் மானெக்ஷாவும் யாஹ்யா கானும் சகாக்கள். மானெக்ஷாவிடம் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் இருந்தது. யாஹ்யா கான் அதை ஆயிரம் ரூபாய்க்கு விலை பேசி எடுத்துக்கொண்டு பாகிஸ்தான் சென்றார். பணம் வரவே இல்லை. 24 வருஷங்களுக்குப் பிறகு யாஹ்யா கான் பாகிஸ்தானின் அதிபராக இருந்தபோது கிழக்குப் பாகிஸ்தான் கைநழுவிப் போயிற்று. ஆயிரம் ரூபாய்க் கடனைப் பாதி ராஜ்யத்தைக் கொடுத்துத் தீர்த்துவிட்டார் என்று மானெக்ஷா சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கும் நீலகிரிக்கும் உறவு ஏற்பட்டது 1959-ம் வருஷத்தில். வெல்லிங்டன் ராணுவ அதிகாரிகள் கலாசாலைக்கு அவர் தலைவராக வந்தார். இங்கேதான் அவருக்குப் பெரிய சோதனையும் வந்தது. அதற்குச் சில காலம் முன்பு பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனன், ஸேனாதிபதி திம்மையாவைப் பற்றி உமது அபிப்பிராயம் என்ன என்று கேட்டாராம். என் மேலதிகாரியைப் பற்றி நான் அபிப்பிராயம் கொள்வது முறையன்று. இன்று என்னிடம் அவரைப் பற்றிக் கேட்பீர்கள், நாளை எனக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் என்னைப் பற்றிக் கேட்பீர்கள் என்ற கருத்துப்பட இவர் பதில் சொன்னாராம். இத்தகைய பதில்களுக்கு டில்லியில் கிராக்கி இல்லை. தேசப்பற்றுப் போதாது, ஆங்கிலேயர் மீது அபிமானம் அதிகம் என்றெல்லாம் குற்றம் சாட்டி அவர்மீது விசாரணை வைத்தார்கள். ஆங்கிலேயர் யுத்தத்தில் குண்டு தாங்கிய வடு மார்பில் இருப்பதைத் தேசத் துரோகத்துக்கு அடையாளமாகக் கொண்டார்கள் போலும்! விசாரணையை நடத்திய லெப்டினெண்டு ஜெனரல் தௌலத் ஸிங் நேர்மையானவர். குற்றச்சாட்டு எதுவும் நிற்கவில்லை. ஆனால் பதவி உயர்வு நின்றுபோயிற்று.

1962-ம் வருஷம் அக்டோபர் மாதம் சீனர்கள் இறங்கி வந்தார்கள். அதன் விளைவுகளை நாம் இங்கே விவரிக்க வேண்டியதில்லை. மனம் கொள்ளாத விஷயம். மந்திரி மேனன் பதவியிழந்தார். வடகிழக்கு எல்லையில் தலைமை தாங்கிய தளபதி கௌலும் விலகினார். அந்த ஸ்தானத்துக்கு யாரை அனுப்புவது என்ற கேள்வி வந்தபோது, விசாரணைக்கு ஆளாகி வெல்லிங்டனில் உட்கார்ந்திருந்த மனிதருடைய ஞாபகம் டில்லிக்கு வந்தது. டிசம்பர் மாதம் அவர் தேஜ்பூருக்குப் போனார். அங்கே அதிகாரிகளைக் கூட்டி அவர் சொன்னதன் ஸாரம் இதுதான்: எழுத்து மூலமான உத்தரவில்லாமல் இனி யாரும் பின்வாங்கக் கூடாது; அப்படி ஓர் உத்தரவு ஒருநாளும் பிறப்பிக்கப்பட மாட்டாது. தோற்றுத் துவண்டு கிடந்த சேனை அந்த ஒரு பேச்சில் எழுந்து உட்கார்ந்தது என்று அங்கிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1969-ம் வருஷம் ஜூன் மாதம் அவர் தரைப்படைத் தளபதியானார். இரண்டு வருஷத்துக்குள் வந்த சம்பவத்தைத்தான் நாம் அவருடைய வாழ்க்கையின் சிகரமாகக் கருதுகிறோம். அது டிசம்பர் மாதத்து வெற்றி அல்ல. அதற்கு முந்திய ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள்.

1971-ம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி இரவு டாக்காவில் படுகொலை தொடங்கியது. வங்காளத்து ஏழை ஜனங்கள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்துக்கும் அஸ்ஸாமுக்கும் திரிபுராவுக்கும் ஓடி வந்தார்கள். வருஷ முடிவுக்குள் அகதிகளின் தொகை ஒரு கோடியை எட்டியது. ஏப்ரல் மாதத்தில் பிரதம மந்திரி இந்திரா காந்தி மந்திரிசபையைக் கூட்டி, ஸேனாதிபதியையும் அழைத்தார். அன்று நடந்ததை மானெக்ஷாவே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். உடனே கிழக்குப் பாகிஸ்தானுக்குள் புக வேண்டும் என்பது மந்திரிசபையின் விருப்பம். ஸேனாதிபதி முடியாது என்றார். காரணங்களையும் அடுக்கினார். மழைக்காலம் நெருங்குகிறது, அப்பொழுது அங்கே நதிகள் கடலாகிவிடும், வயல்களில் வண்டி இறங்காது. இமயமலைக் கணவாய்களில் பனி உருகினால் சீனர் வரக்கூடும். பஞ்சாபில் அறுவடைக் காலம். துருப்புகளை ஏற்றிச் செல்வதற்கு ரயில் வண்டிகளையெல்லாம் எடுத்துக்கொண்டால் தானியம் தேங்கி அழுகும், பஞ்சம் வரும். டாங்கிகள் போதிய அளவில் தயாராக இல்லை. இவற்றைச் சொல்லிவிட்டு, இப்பொழுதே போனால் தோல்வி நிச்சயம், வேண்டுமானால் உடல்நிலை சரியில்லை என்றோ மனநிலை சரியில்லை என்றோ எழுதி ராஜிநாமாக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. தேசம் முழுவதும் கொதித்துக்கொண்டிருந்த சமயம் அது. பத்திரிகைகள் — நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம் — படை புறப்படவில்லையே என்று ஆத்திரப்பட்ட காலம். அந்த ஆத்திரத்துக்குத் தலையசைத்திருந்தால் அன்றைக்குக் கைதட்டல் கிடைத்திருக்கும். ஜூலை மாதம் வங்காளத்துச் சேற்றில் பல்லாயிரம் தாய்மார்களின் பிள்ளைகள் புதைந்திருப்பார்கள். அரசாங்கத்துக்கு முன் நின்று முடியாது என்று சொல்வது ஒரு தைரியம். ஜனங்களின் உற்சாகத்துக்கு எதிரே நின்று அதைச் சொல்வது அதைவிடப் பெரிய தைரியம். பிரதம மந்திரியின் பெருமையையும் நாம் மறைக்கலாகாது. அவர் ராஜிநாமாவை ஏற்கவில்லை. கேட்ட அவகாசத்தைக் கொடுத்தார். சொல்கிறவரும் கேட்கிறவரும் ஒரே சமயத்தில் அமைந்தது தேசத்தின் பாக்கியம்.

அதற்குப் பின் நடந்தது எல்லோரும் அறிந்ததே. டிசம்பர் 3-ந் தேதி மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் மேற்கு எல்லையிலிருந்த விமானத் தளங்களைத் தாக்கின. 16-ந் தேதி மாலை டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஜெனரல் நியாஜி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். பதின்மூன்று நாளில் யுத்தம் முடிந்து ஒரு புதிய தேசம் தலைநிமிர்ந்தது. கையெழுத்து வாங்குவதற்கு மானெக்ஷா டாக்காவுக்குப் போகவில்லை. அது கிழக்குப் பிராந்தியத் தளபதி அரோராவின் உரிமை என்று டில்லியிலேயே இருந்துவிட்டார். சரணடைந்தால் கௌரவமாக நடத்தப்படுவீர்கள் என்று யுத்தத்தின் நடுவிலேயே எதிரிச் சிப்பாய்களுக்கு ரேடியோ மூலம் வாக்களித்திருந்தார். சுமார் 93,000 பேர் பிடிபட்டபோது அந்த வாக்கைக் காப்பாற்றினார். நம் சிப்பாய்களுக்கும் ஓர் எச்சரிக்கை செய்தார். அந்நிய தேசத்துப் பெண்ணைக் கண்டால் இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். கேட்பதற்கு வேடிக்கை, ஆனால் கற்பழிப்பையே ஆயுதமாக உபயோகித்த ஒரு சேனையை விரட்டிக்கொண்டு போன படைக்கு இதைவிட அவசியமான உத்தரவு வேறு எது?

1973-ம் வருஷம் ஜனவரி மாதம் பீல்டு மார்ஷல் என்ற பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது. நம் நாட்டில் அதைப் பெற்ற முதல் மனிதர் அவரே. அம்மாதமே தளபதிப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மனைவியுடன் குன்னூருக்கு வந்து சேர்ந்தார். வீட்டுக்கு ஸ்டாவ்கா என்று பெயர் வைத்தார். ருஷ்ய பாஷையில் யுத்த காலத் தலைமைக் காரியாலயம் என்று அர்த்தம். அந்தக் காரியாலயத்தில் நடந்ததோ தோட்ட வேலை! புஷ்பச் செடிகளும் நாய்களும் பேரக் குழந்தைகளுமாக 35 வருஷம் அங்கே வாழ்ந்தார். பெண்கள் இருவர், இளையவர் பிற்காலத்தில் மனித உரிமைத் துறையில் பெயர் பெற்றவர். தாம் குறட்டை விடுவதால் மனைவி வேறு அறையில் படுத்துக்கொள்கிறாள் என்பதை ஊரறியச் சொல்லிச் சிரிக்கும் சுபாவம் அவருக்கு. கூர்க்காச் சிப்பாய்கள் அன்போடு சூட்டிய ஸாம் பஹதூர் என்ற பெயரைத் தமக்குக் கிடைத்த எல்லா விருதுகளுக்கும் மேலாக மதித்தார்.

குறையே இல்லாதவர் என்று நாம் சொல்லமாட்டோம். அவருடைய நாக்கு சில சமயம் அவருக்கே விரோதி. 1947-ல் பாகிஸ்தான் சேனையில் சேர்ந்திருந்தால் யுத்தத்தில் வெற்றி யாருக்கு என்ற தோரணையில் ஒரு பேட்டியில் வேடிக்கையாகப் பேசிவிட்டார்; பாகிஸ்தானுக்கே என்று அர்த்தம் தொனித்தது. சகாக்களும் சிப்பாய்களும் சேர்ந்து சம்பாதித்த வெற்றியைத் தம் ஒருவர் கணக்கில் எழுதிக்கொண்டது போல் அது பலருக்குப் பட்டது. எங்களுக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் ஒரு வேடிக்கைப் பேச்சுக்கு முப்பது வருஷத் தண்டனை உண்டா?

முப்பது வருஷம் என்று நாம் கூறுவது அலங்காரத்துக்காக அன்று. பீல்டு மார்ஷல் என்பது ஓய்வு பெறாத பதவி. ஆயுள் உள்ளவரை அவர் படையைச் சேர்ந்தவரே. முழுச் சம்பளத்துக்கும் உரியவர். அந்தச் சம்பளம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. ராஷ்டிரபதி அப்துல் கலாம் வெல்லிங்டனுக்கு வந்து அவரை நேரில் பார்த்துச் சென்ற 2007-ம் வருஷத்தில்தான் பாக்கி தீர்க்கப்பட்டது. ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்குச் செக் ஒன்றைப் பாதுகாப்பு இலாகாவின் காரியதரிசி மலையேறி வந்து கொடுத்தார். வாங்கியவருக்கு அப்பொழுது வயது 93. மனைவி ஸில்லூ அம்மையார் 2001-ம் வருஷத்திலேயே மறைந்துவிட்டார். தேசம் முழுவதும் பெயர் தெரிந்த ஒருவருடைய பாக்கி டில்லி மேஜைகளில் இவ்வளவு காலம் உறங்குமானால், ராமநாதபுரத்திலோ தர்மபுரியிலோ குடும்பப் பென்ஷனுக்காக மனு எழுதி மனு எழுதிக் காத்திருக்கும் சிப்பாயின் விதவைக்கு யார் மலையேறி வருவார்கள்?

கடைசி நாளைப் பற்றிச் சொல்வதாக வாக்களித்தோம். மானெக்ஷா கபவாத ஜுரத்தில் அபாய நிலையில் இருக்கிறார் என்பது முன்பே தேசத்துக்குத் தெரியும். மரணம் எதிர்பாராத செய்தி அல்ல. ஒரே தினத்தில் அடக்கம் நடந்தது வாஸ்தவம். அவகாசம் குறைவு என்ற சமாதானத்தை நாமும் கேட்டோம். ஆனால் டில்லியிலிருந்து கோயமுத்தூருக்குச் சில மணி நேரத்தில் விமானத்தில் வந்துவிடலாம். ஸர்க்கார் சார்பில் பாதுகாப்பு இலாகாவின் ராஜாங்க மந்திரி ஒருவர் வந்தார். ராஷ்டிரபதி வரவில்லை. பிரதம மந்திரி வரவில்லை. பாதுகாப்பு மந்திரியும் வரவில்லை. கடற்படைத் தலைவரும் விமானப்படைத் தலைவரும் வரவில்லை. தரைப்படைத் தலைவர் வெளிநாடு சென்றிருந்தார். தேசிய துக்கம் அனுஷ்டிக்கப்படவில்லை.

பெட்டியின் மேல் மூவர்ணக் கொடி போர்த்தியிருந்தது. ராணுவ மரியாதையுடன் குன்னூரிலிருந்து உதகமண்டலத்துக்குக் கொண்டுபோய், பார்ஸிகளுக்குரிய சிறிய மயானத்தில், ஏழு வருஷம் முன்னதாகவே அங்கே போய்ச் சேர்ந்திருந்த ஸில்லூ அம்மையாரின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். பெண்கள் இருவரும் பேரப் பிள்ளைகளும் அருகில் நின்றார்கள்.